ஃபோவெட்டின் தலையில் பூ

மேசைக் கடிகாரத்தின் வளைந்த தகட்டில், தங்கக் கம்பியில் வளைத்த பதினொரு பசுக்கள் மலையிறங்கிக்கொண்டிருந்தன. பத்துப் பசுக்களின் தலையில் எனாமல் பூ ஏறிவிட்டது. முன்னால் நடக்கும் பசு ஃபோவெட்டின் தலையில் பூவுக்கான கம்பிக் கட்டங்கள் மட்டும் காலி. எனாமல் வேலை செய்யும் சொலாஞ்ச் இரண்டு நாளாக அவற்றைத் தொடவில்லை.

"மொட்டைத் தலை மாட்டுக்கா அந்த ஆள் கடிகாரம் வாங்குறார்?" என்றார் பக்கத்து மேசை ஊபேர். "ரோஸ் எனாமல் பொடியை வச்சு உலையில தள்ளும்மா. சாயங்காலம் கொடுத்தாகணும்."

"வைக்கிறேன்."

வைக்கவில்லை. ஜெனீவாவிலேயே பிறந்து வளர்ந்த ஊபேருக்கு இது எங்கே புரியப்போகிறது? சொலாஞ்சின் மலையூரில், கோடை முழுக்க மேலே மேய்ந்த மந்தை பூச்சூடித்தான் ஊருக்குள் இறங்கும். மேலே சாவு விழுந்திருந்தால் வெறுந்தலையோடு வரும். தகட்டில் இருப்பது சொலாஞ்சின் கணவன் சிப்ரியன் மேய்க்கும் மந்தை. வியாழக்கிழமை பனி கொட்டியதிலிருந்து அவன் போன் எடுக்கவில்லை. சேதி தெரியாமல் பூ வைக்க அவளுக்குக் கை வரவில்லை. மூடநம்பிக்கைதான், அது அவளுக்கும் தெரியும்.

பத்தரைக்கு ஊரிலிருந்து நாத்தனார் இவோன் கூப்பிட்டாள்.

"அண்ணி, மணிச்சத்தம் கேக்குது. மந்தை வளைவுல திரும்புது."

"பூ இருக்கா?"

சொலாஞ்ச் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இவோன், பூ இருக்கான்னு கேட்டேன்."

"ஒரே பனிமூட்டமா இருக்கு அண்ணி. முதல் மாட்டுக்கு இல்ல... ரெண்டாவதுக்கும் இல்ல."

ஊபேர் எழுந்து வந்து, சொலாஞ்சின் முழங்கையருகே இருந்த பொடிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். போனுக்குள் மணிகள் நெருங்கிக்கொண்டே வந்தன.

"பின்னாடி ஒரு ஆள் வர்றார். நொண்டுறார்... அண்ணன்தான். அண்ணி, அண்ணன்தான்."

சற்று நேரத்தில் சிப்ரியனின் குரல் வந்தது. "போன் பள்ளத்துல விழுந்துடுச்சு. எனக்குக் கால்தான் பிசகியிருக்கு."

"அப்புறம் ஏன் பூ இல்ல?"

"ஃபோவெட் போயிட்டா. பனியில சறுக்கி... ஒன்பது கோடை முன்னால நடந்தவ, சொலாஞ்ச்."

மாடுதானே என்று வாய்வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். அப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது.

போனை வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்தாள். இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, காலிக் கட்டங்களில் ரோஸ் பொடியை ஒவ்வொன்றாக நிரப்பினாள்.

"உலையைச் சூடாக்குங்க, ஊபேர்," என்றாள். "இவளுக்கு இனிமே பூ இங்கதான்."