சிமிழ் கழுத்தில் இருக்கும்போது

என் கழுத்தில் நற்கருணைச் சிமிழ் தொங்கினால் நான் யாரோடும் பேச மாட்டேன். இது எங்கள் பங்கு மக்கள் அத்தனை பேருக்கும் தெரியும். முதல் வெள்ளிதோறும் காலைத் திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தை கையிலிருந்து, ஆண்டவரின் உடலாகிய அப்பம் இருக்கும் சிமிழை வாங்கி, வெள்ளைத் துணிப்பையில் வைத்து மார்போடு மாட்டிக்கொண்டு, கோவிலுக்கு வர முடியாமல் படுத்திருப்பவர்களுக்கு நற்கருணை கொண்டுபோகிறவள் நான். வழியில் யார் கும்பிட்டாலும் தலையை மட்டும் அசைப்பேன். போனை வீட்டிலேயே வைத்துவிடுவேன். ஆண்டவரை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவதா?

பங்குத்தந்தையே ஒருமுறை, இவ்வளவு கண்டிப்பு வேண்டாம்மா, அவசரம் என்றால் பேசலாம் என்றார். அவருக்கு வயது முப்பத்திரண்டு. நான் முப்பத்தாறு வருடம் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள். பெலிண்டா டீச்சருக்கு விசில் எதற்கு என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். நான் நில் என்றால் மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிறவளும் நிற்பாள். விதி என்றால் விதி. கோட்டை மிதித்தால் அவுட். அதில் எனக்கு என் மகள் என்றும் மாற்றான் மகள் என்றும் கிடையாது.

என்னை ஆட்டோவில் கூட்டிப்போகும் அப்துல் சுக்கூருக்கும் இது பழகிவிட்டது. நான் பையோடு ஏறினால் பாட்டை நிறுத்திவிடுவார். பாலத்தில் யாராவது குறுக்கே வந்தாலும் திட்ட மாட்டார். ஒருநாள் வழியில் கைகாட்டிய ஆளிடம், "வண்டில சாமி இருக்கு, வேற பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

போன மே மாதத்து முதல் வெள்ளியன்று கடைசியாக ஸ்ரீரங்கம் போக வேண்டியிருந்தது. பிரேமலதா டீச்சர் அங்கே மகனுடைய ஃப்ளாட்டில் இருந்தார். மகன் துபாயில். சின்ன வயதில் ஞாயிறுதோறும் எனக்கும் என் தங்கைக்கும் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவர். எண்பத்து மூன்று வயதில் நுரையீரல் கைவிட்டுவிட, மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷினுமாகக் கிடந்தார். அந்த வாரம், சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் நோயில்பூசுதலும் ஆகிவிட்டது. பெலிண்டா வெள்ளிக்கிழமை வருவாளா என்று பங்குத்தந்தையிடம் போனில் மூன்று தடவை கேட்டிருந்தார்.

அன்று பார்த்து சித்திரைத் தேர். மாம்பழச்சாலையிலிருந்தே கூட்டம். தேர் வீதிக்கு இரண்டு தெரு முன்னாலேயே போலீஸ் தடுப்பு வைத்துவிட்டார்கள். சுக்கூர் தெருமுனையில் வண்டியை ஓரங்கட்ட, நான் நடந்துபோனேன். நாலு மாடிக் கட்டடம். ஆள் நடமாட்டமே இல்லை. வாட்ச்மேன் நல்லுசாமியின் நாற்காலியில் துண்டு மட்டும் கிடந்தது. எல்லோரும் தேர் பார்க்கப் போய்விட்டார்கள்.

அங்கே இருப்பது பழைய லிப்ட். மடக்குக் கம்பிக் கதவு. கதவைத் திறந்துவைத்தால் ஒரு பெண் குரல், தயவுசெய்து கதவை மூடவும் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். நான் உள்ளே போய்க் கதவை இழுக்கும்போது ஒருத்தி பால் பாக்கெட்டோடு ஓடிவந்து, இருங்க இருங்க என்று உள்ளே நுழைந்தாள். நுழைந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். லிசி. என் தங்கை. நாங்கள் பேசி நாலு வருடமாகியிருந்தது.

இறங்கிவிடலாமா என்று இரண்டு பேருக்குமே தோன்றியிருக்கும். இரண்டு பேருமே இறங்கவில்லை. நாலாம் மாடிப் பொத்தானை அவள்தான் அழுத்தினாள். ஒரு மாடி தாண்டியது. விளக்கு அணைந்தது, லிப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

தேர் ஓடும்போது அந்த வீதிகளில் கரண்டை நிறுத்துவது வழக்கம். இந்தத் தெருவுக்கும் சேர்த்து நிறுத்துவார்கள் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் நெஞ்சு மட்டத்தில் இரண்டாம் மாடியின் தரை தெரிந்தது. இரண்டு கம்பிக் கதவு குறுக்கே. கையை விடலாம், ஆள் போக முடியாது. அதற்குள்தான் மேலேயிருந்து அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பீப், பீப் என்று.

லிசி கதவைப் பிடித்து உலுக்கினாள். திங்கட்கிழமையிலிருந்து பிரேமலதா டீச்சரைப் பார்த்துக்கொள்வது அவள்தான் என்று அப்போதுதான் சொன்னாள். அதுவும் என்னிடம் இல்லை, கதவிடம் சொன்னாள். கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும், அந்தச் சத்தம் அதுதான். பக்கத்தில் சிலிண்டர் இருக்கிறது, குழாயை மாற்றிவிட வேண்டும், மாற்ற ஆளில்லை. பால் வாங்கப் பத்து நிமிடம் என்று பூட்டிக்கொண்டு வந்தவள், போனையும் மேலே சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தாள். "உன் போன் எங்கக்கா" என்றாள். நான் கைகளை விரித்துக் காட்டினேன்.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாராவது இருக்கீங்களா என்று கத்தினாள். லிசிக்கு உரத்த குரலே கிடையாது. சின்ன வயதிலிருந்தே அப்படி. மூடிய இடமும் ஆகாது, ஆறு வயதில் அலமாரிக்குள் ஒளிந்து மாட்டிக்கொண்ட நாளிலிருந்து. நாலு தடவை கத்தியதும் மூச்சு வாங்கியது.

நான் வாயைத் திறக்கவில்லை.

கழுத்தில் சிமிழ் இருந்தது, விதி இருந்தது, யாராவது வந்துவிடுவார்கள் என்ற நினைப்பும் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது பக்தி இல்லை. நாலு வருடம் அவள் என்னிடம் பேசாமல் இருந்தாள் அல்லவா, இப்போது கெஞ்சட்டும் என்று ஒரு சந்தோஷம் எனக்குள் இருந்தது. அந்த இருட்டில் ஆண்டவரை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டு நான் அந்தச் சந்தோஷத்தை அனுபவித்தேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

நாலு வருடப் பேச்சில்லாமைக்குக் காரணம் ஒரு கையெழுத்து. லிசியின் கணவர் முருகானந்தம் மருங்காபுரிக்காரர், மோட்டார் மெக்கானிக், இந்து. ரிஜிஸ்டர் கல்யாணம். கோவிலில் மந்திரிக்காத கல்யாணம் என்பதால் பத்தொன்பது வருடம் லிசி நற்கருணை வாங்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவாள். அந்த மனிதர் கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னாலேயே சுண்ணாம்பு வாளியோடு கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிடுவார். எங்கள் அப்பாவின் கல்லறையில் புல் பிடுங்கி, கழுவி, வெள்ளையடித்து, பெயர் எழுத்துகளுக்குக் கறுப்பு மை தொட்டு வைப்பார். நான் திருநாளன்று மெழுகுதிரியும் ரோஜா மாலையுமாகப் போய் நிற்பேன். எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பார்க்கிறவர்கள் என்னைப் பாராட்டுவார்கள். நானும் வாங்கிக்கொள்வேன்.

அவர் மாரடைப்பில் போனபோது, அப்பாவின் கல்லறையில் அவரை வைக்க வேண்டும் என்று லிசி கேட்டாள். குடும்பத்துக்குச் சம்மதம் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார். மூத்தவள் நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். ஞானஸ்நானம் வாங்காதவருக்கு அங்கே இடமில்லை என்று சொல்லி நான் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். மருங்காபுரியிலிருந்து அவருடைய அண்ணன் வேன் கொண்டுவந்து அவரை ஏற்றிக்கொண்டு போனார்.

மேலே பீப் சத்தம் நின்றுவிட்டது. நின்றது இன்னும் மோசமாக இருந்தது. லிசி அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். பால் பாக்கெட் உடைந்து என் செருப்பெல்லாம் நனைந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் நெஞ்சில் தொங்கிய பையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"ஆண்டவரே, என்கிட்ட பேச வேண்டாம். டீச்சருக்காக ஒரு சத்தம் போடச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் அவ கேப்பா."

பத்தொன்பது வருடம் அவரை வாங்காதவள் அவரோடு பேசினாள். முதல் வெள்ளி தவறாமல் அவரைச் சுமக்கிற நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சுக்கூர்" என்று கத்தினேன். கட்டடமே அதிர்ந்தது. மூன்றாவது முறை கத்தும்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பையோடு இருக்கும்போது நான் வாய் திறந்தால் உலகமே இடிந்துவிட்டது என்று நினைத்தாராம், தடுப்பைத் தாண்டிக் குதித்து ஓடிவந்தேன் என்று பிறகு சொன்னார். வாட்சைப் பார்த்தேன். பழக்க தோஷம். லிப்ட் நின்று ஏழு நிமிடம் ஆகியிருந்தது. ஏழு நிமிடம் நான் சும்மா நின்றிருக்கிறேன்.

இரண்டாம் மாடியில் மண்டியிட்டுக் கம்பி வழியாக அவர் கையை நீட்டினார். நாலாம் மாடி, டீச்சர் வீடு என்று லிசி சாவியைக் கொடுத்தாள், அவர் தன் போனைக் கொடுத்தார். மேலே சார்ஜில் இருக்கும் போன் அடித்தால் எடுங்கள் என்று சொன்னேன். ஓடினார். லிசி தன் நம்பரை அடித்தாள், இரண்டு முறை தப்பாகப் போனது. மூச்சு இழுக்க இழுக்க அவள் சொல்ல, அதை நான் போனில் உரக்கச் சொன்னேன். சிலிண்டர் தலையில் கட்டியிருக்கிற சாவியை இடப்பக்கம் திருப்புங்கள். மெஷினிலிருந்து குழாயை உருவுங்கள். சிலிண்டரில் மாட்டுங்கள். சின்னத் திருகை இரண்டில் வையுங்கள். நடுவில் எப்போது என்று தெரியவில்லை, லிசி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உஸ்ஸுன்னு வருதா சுக்கூர்?"

"வருதும்மா. உதடெல்லாம் நீலமா இருக்கு." பிறகு வெகுநேரம் அந்த உஸ் சத்தம் மட்டும். பிறகு, "கண்ணைத் தொறந்துட்டாங்கம்மா. என் கையைப் புடிச்சிருக்காங்க."

கரண்ட் வர இன்னும் அரைமணி நேரம் ஆனது. அந்த அரைமணி நேரமும் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்ல வேண்டியது எல்லாம் எனக்குத் தெரியும், எங்கே ஆரம்பிப்பது என்று மட்டும் தெரியவில்லை. லிப்ட் ஓட ஆரம்பித்ததும் அவள் முந்தானையை விட்டுவிட்டாள்.

மேலே போனால் அந்த அவசரத்திலும் சுக்கூர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் போயிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீச்சரின் கையைப் பிடித்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து கீழே வண்டிக்குப் போய்விட்டார். லிசி டீச்சரின் நெற்றியைத் துடைத்து, முதுகைத் தாங்கி உட்கார வைத்தாள். நான் சிமிழைத் திறந்தேன். முழு அப்பத்தை அவரால் விழுங்க முடியாது. நகக்கண் அளவு கிள்ளி ஸ்பூன் தண்ணீரோடு கொடுத்தேன். ஆமென் என்று உதடு அசைந்தது. மீதியைக் காட்டி, பிறகு லிசியைக் காட்டினார்.

லிசி தலையை ஆட்டினாள். "வேண்டாம் டீச்சர். அவருக்கு எடமில்லேன்னு சொன்ன வீட்டுல எனக்கு மட்டும் எதுக்கு?"

மீதியை நான் உட்கொண்டிருக்கலாம். வழக்கம் அதுதான். வாய் வரைக்கும் கொண்டுபோக எனக்குத் தைரியம் வரவில்லை. சிமிழில் வைத்து மூடிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். வாசலுக்கு வந்தபோது லிசி பின்னாலேயே வந்தாள். கோபமாக இல்லை, களைத்துப்போய்ச் சொன்னாள்.

"இன்னைக்குக் கத்துன வாயால அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவரு நம்ம அப்பாவோட இருந்திருப்பாருக்கா."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் லிப்டுக்குள் போய் நின்றேன். கதவை இழுக்கக் கை வரவில்லை. தயவுசெய்து கதவை மூடவும் என்றது அந்தக் குரல். மூடினால் கீழே போய்விடலாம். சுக்கூர் காத்திருக்கிறார், கோவிலில் சிமிழைக் கொடுத்துவிடலாம், அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கு அதே மாதிரி வாயை மூடிக்கொண்டு வரலாம். சாகும் வரை அப்படியே போய்க்கொண்டிருக்கலாம். தயவுசெய்து கதவை மூடவும். தயவுசெய்து கதவை மூடவும்.

"லிசி" என்றேன். மைதானக் குரல் இல்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனாலும் வந்தாள். கையில் ஈரத்துணி.

"நான் அன்னைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கணும். விதின்னு சொன்னேன். விதி இல்ல. அப்பா கல்லறையை நான் ஒருநாள் கூடக் கழுவலங்கிற வெக்கம். தப்பு பண்ணிட்டேன்."

சிமிழ் கழுத்தில் இருந்தது. ஆண்டவருக்கும் கேட்டிருக்கும்.

லிசி ஈரத்துணியை முறுக்கிக்கொண்டே நின்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. லிப்ட் அதன்பாட்டுக்குக் கதவை மூடச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் அவளே வெளிக்கதவை இழுத்து மூடினாள். கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள்.

"நாளைக்கு வா. டீச்சருக்குத் தலைக்கு ஊத்தணும், ஒத்தைக்கு முடியல. வர்றப்ப போனை எடுத்துக்கிட்டு வா."