கியர் என்றால் விளக்கு

மைக்கை மாற்றிப் பார் என்றுதானே சொல்ல வருகிறீர்கள்? மாற்றிவிட்டேன், இரண்டு முறை. கோளாறு மைக்கில் இல்லை, அண்ணன் குரலில்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு "கியர், கியர்... பிரேக்!" என்று அவன் போடும் சத்தத்தில் நடைபாதையில் போகிறவர்களே ஒரு நொடி நின்றுவிடுவார்கள். நரம்பு நோய் முதலில் அவன் விரல்களைப் பிடித்தது, அப்புறம் தோளை. விளக்கு சுவிட்ச் கட்டிலுக்குப் பக்கத்தில்தான், கைக்கு எட்டும் தூரம்தான். கைதான் எழவில்லை. அண்ணி சலவைக்கூடத்தில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து அப்போதுதான் கண்ணை மூடியிருப்பாள், அவளைக் கூப்பிட வேண்டும்.

"ஒரே ஒரு வேலையாவது யாரையும் கூப்பிடாம நானே செய்யணும்டா," என்றான். மொபைல் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிற எனக்கு அது போதாதா? உடனே கிளம்பிவிட்டேன்.

விரல் நீளத்துக்கு ஒரு சர்க்யூட் போர்டு, ஒரு மைக், விளக்குக்குப் போகும் மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் ஒரு ரிலே. எல்லாவற்றையும் ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடைத்தேன். முதல் தடவை இணைத்தபோது ஃபியூஸ் போய் வீடே இருண்டது.

"டேய் இன்ஜினியரு, விளக்கை அணைக்கச் சொன்னா வீட்டையே அணைச்சிட்டியே!"

"கொஞ்சம் வாயை மூடிட்டு இருண்ணா."

"வாயை மூடினா உன் சுவிட்ச் எப்படிடா வேலை செய்யும்?"

வார்த்தைகளை அவனே தேர்ந்தெடுத்தான். விளக்கு எரிய 'கியர்', அணைய 'பிரேக்'. திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பதிவு செய்து, கருவியைப் பழக்கினேன். காதில் விழும் சத்தம் அந்தப் பதிவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அது மதிப்பெண் போடும். நூற்றுக்கு எண்பதைத் தாண்டினால் ரிலே 'டக்' என்று விழும். அந்த முதல் 'டக்' கேட்டபோது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! அன்றைக்கு முழுக்க விளக்குக்கு ஓய்வே இல்லை.

"பல்பு பாவம், விட்டுடுங்க," என்றாள் அண்ணி.

அப்புறம் நோய் நாக்குக்கு வந்தது. 'கியர்' கரைந்து 'இய' ஆகிவிட்டது. டப்பா அசையவில்லை. கழுத்து புடைக்க மறுபடி சொல்வான், மறுபடியும் சொல்வான், பிறகு சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அண்ணி என்னைச் சமையலறையில் மடக்கினாள். "அந்த எண்பதைக் கொஞ்சம் எறக்கி விடேன், தம்பி."

"எறக்கினா கண்ட சத்தத்துக்கும் எரியும், அணையும், அண்ணி."

"எரிஞ்சுட்டுப் போகட்டும். அது எரியலன்னா அவரு சாப்பிட மாட்டேங்கறாரு."

இறக்கினேன். அறுபது, பிறகு நாற்பது, பிறகு அதற்கும் கீழே. அண்ணனிடம் சொல்லவில்லை. விளக்கு எரிந்தது, அவன் சாப்பிட்டான். நாங்களும் அதற்குள் அதே பழக்கத்துக்கு வந்திருந்தோம். அவன் ஏதாவது சொல்வான், ஒரு எழுத்துகூடப் புரியாது, "சரிண்ணா" என்பேன். "சரிங்க" என்பாள் அண்ணி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அவள் ஊட்டிக்கொண்டிருந்தபோது அவனுக்குப் புரையேறியது, இருமினான். டக். வெயில் நிறைந்த அறையில் விளக்கு எரிந்தது.

"அது வந்துண்ணா, ஒயர்ல ஏதோ லூஸ்..."

அவன் என் பக்கமே திரும்பவில்லை. சோப்பு டப்பாவைப் பார்த்தான். மூச்சை இழுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "கழுதை."

டக். அணைந்தது.

"எருமை."

டக். எரிந்தது.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு. எங்களுக்கும் வந்தது, நாங்கள் சிரித்தோம். அவன் நிறுத்திய பிறகும் ஒரு கணம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு அவன் பேசினான். தெளிவாக எழுதுகிறேனே தவிர, வந்ததில் பாதி வெறும் காற்றுதான். இந்தத் தடவை நான் "சரிண்ணா" போடவில்லை. புரியாத இடத்தில் எல்லாம் நிறுத்தி, திரும்பக் கேட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் புரியாமலே தலையாட்டறது எனக்குத் தெரியும்டா. பரவால்ல, உங்களைச் சொல்லி என்ன பண்றது. இந்த டப்பா ஒண்ணுதான் புரியலன்னா புரியலன்னு இருந்துச்சு. அதையும் தலையாட்ட வெச்சிட்டியே."

அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் வெகுநேரம் வரவில்லை.

"எண்பதுக்கே ஏத்து," என்றான்.

"ஏத்தினா எரியவே எரியாதுண்ணா."

"எரியலன்னா எரியல."

ஏற்றிவிட்டேன். இன்று காலை நான் கடைக்குக் கிளம்பும்வரை சொல்லிக்கொண்டே இருந்தான். டப்பா அசையவில்லை. எவ்வளவு மார்க் என்று கேட்டான். டப்பாவோடு இணைத்திருந்த கம்ப்யூட்டரைப் பார்த்து உள்ளதைச் சொன்னேன்: முப்பத்தொன்று.

"ஃபெயிலா?"

"ஃபெயில்தாண்ணா."

தலையை ஆட்டிக்கொண்டான். சுவர் பக்கம் திரும்பவில்லை. என்னை அங்கேயே நிறுத்தியது அதுதான்.

கடையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எண்பதைத் தொட வேண்டாம், பழைய பதிவை எடுத்துவிட்டு, இன்றைக்கு அவனுக்கு வருகிற 'இய'வையே 'கியர்' என்று பழக்கினால்? அப்போது டப்பா தலையாட்டாது, நிஜமாகவே அவனைப் புரிந்துகொள்ளும். நாக்கு இன்னும் கரைந்தால் மறுபடி பதிவு, அதற்கப்புறம் மறுபடி. ஆனால் ஒவ்வொரு தடவை மைக்கை நீட்டும்போதும், போன தடவையைவிடக் குறைந்துவிட்டாய் என்று நானே அவன் முகத்துக்கு நேரே சொல்வதாகிவிடும். கடைசியில் பதிவு செய்ய ஒன்றுமே வராத ஒரு நாளும் இருக்கிறது. அதுவும் அவனுக்கும் எனக்கும் தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மைக்கை அவன் முன்னால் வைக்கலாம் என்று இருக்கிறேன். வைக்கலாம்தானே? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?