மணி அடித்ததும் எங்கே போவது

1

நான் செத்துக்கொண்டிருந்தபோது இந்தக் கதை தோன்றியது.

கொஞ்சம் கூடிப்போய்விட்டது, அடித்துவிடுகிறேன். தொடை எலும்பு முறிந்து கிடந்தபோது தோன்றியது. உண்மையில் அதுவும் முறியவில்லை. என் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் அப்படி எழுதியிருந்தது, அவ்வளவுதான்.

எழுபத்துநாலாம் வருஷம், மே மாதம். போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் இறங்கினால் வரும் ஒரு பஞ்சாயத்தில் நான் தற்காலிக எழுத்தர். முந்தின மழையில் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து ஒரு மாட்டுக்கொட்டில் புதைந்துபோனது. அடுத்த மழைக்குள் சனங்களுக்கு மீட்புப் பயிற்சி கொடுக்கவேண்டும் என்று பஞ்சாயத்து முடிவுசெய்து, கீழே இருந்து மலையாளத் தீயணைப்பு அதிகாரி ஒருவரை மூன்று நாளைக்கு வரவழைத்தது. கடைசி நாள் ஒத்திகை. காயம்பட்டவராக நடிக்க ஒருவரும் முன்வரவில்லை. பொய்க்குக்கூட அப்படிப் படுக்கக்கூடாது, அபசகுனம் என்றார்கள். சம்பளம் வாங்குகிறவனுக்கு ஏது சகுனம்? நான் படுத்தேன்.

2

கதாநாயகியை எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் சிக்கல்.

‘முத்துப்பேச்சிக்கு மலையைக் கண்டால் பயமே...’ இல்லை. அந்தச் சரிவில் குடியிருக்கிற யாருக்குப் பயம் இல்லை?

‘அன்று காலையிலிருந்தே முத்துப்பேச்சியின் வலது கண் துடித்துக்கொண்டிருந்தது. ஏதோ...’ வேண்டாம். கண் துடித்ததாக முத்துப்பேச்சியக்கா என்னிடம் சொல்லவில்லை.

முத்துப்பேச்சி தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் ஆயா.

இது நிற்கும். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுப்போகும் பதினொரு பிள்ளைகளை மாலை மணி அடிக்கிறவரை பார்த்துக்கொள்வது அவள் வேலை. மூன்று நாள் பயிற்சியிலும் அவள்தான் முதல். இரண்டு மூங்கிலில் சேலையைச் சுற்றித் தூக்குப்படுக்கை கட்டினாள். அதிகாரியே ஏறிப் படுத்துப் பார்த்தார். அவிழவில்லை. அவருக்கு நல்ல தொப்பை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

3

(நான் சரிவில் படுத்துக் கிடந்ததால் இனி வருவது பாதி முத்துப்பேச்சியக்கா பிற்பாடு சொன்னது, பாதி என் கைச்சரக்கு. எது எது என்று கேட்காதீர்கள்.)

பஞ்சாயத்திடம் சங்கு கிடையாது. அதனால் தோட்டத்தில் வேலை மணியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டையே அபாய மணியாக வைத்துக்கொண்டார்கள். அது விடாமல் அடித்தால் எல்லோரும் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். மேடு முழுப் பாறை, அசையாது.

மூன்று மணிக்குக் கங்காணி பிச்சைமணி தண்டவாளத்தை அடித்தார். ஒரு நொடி வீணாக்காமல் தோட்டமே ஓடியது. ஓடிப் போய்ப் பெரட்டுக் களத்தில்* கூடையோடு வரிசையாக நின்றது.

(* பெரட்டு: காலையில் மணி அடித்ததும் தொழிலாளர்கள் கூடிப் பெயர் கொடுத்து வேலை வாங்கிக்கொள்வது. அந்தக் களம் சரிவுக்கு நேர் அடியில் இருந்தது.)

பிச்சைமணியும் மணி அடித்த கட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பழக்கதோஷத்தில் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

முத்துப்பேச்சி மட்டும் என்ன செய்தாள்? மணி காதில் விழுந்ததும் பிள்ளைகளுக்கு முகம் துடைத்து, தலை சீவி, வாசலில் வரிசையாக உட்காரவைத்தாள். மணி அடித்தால் தாய்மார் வருவார்கள். ஆறு வருஷமாக அப்படித்தான் நடந்தது. அன்றைக்கு ஒருத்தியும் வரவில்லை. அதிகாரிதான் மூச்சு வாங்க வந்தார்.

“முத்துப்பேச்சி, எந்தா இங்கேயே இருக்குந்நது?”

“தாய்மாரு இன்னும் வரலையேய்யா.”

அவர் நோட்டைத் திறந்து ஒரு கட்டத்தில் ஏதோ எழுதினார். அவளுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். பதினொன்று.

“அது என்ன கட்டம்யா?”

“மரிச்சவருடைய கட்டம்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். வரிசையில் கடைசிப் பிள்ளை மூக்கை நோண்டிக்கொண்டிருந்தது.

“அழிச்சிருங்க.”

“இது ஒத்திகையல்லே?”

“ஒத்திகையா இருந்தா என்ன, எழுதுனது எழுதுனதுதான. அழிச்சிருங்கய்யா.”

அவர் அழிக்கவில்லை. பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை வந்து பார்ப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு மழைதான். முத்துப்பேச்சிக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. மூன்று நாள் படித்தும் தானே பிள்ளைகளை உட்காரவைத்தோமே என்ற வெட்கம் அதற்கும் மேலே வந்தது.

(என்னைத் தேடி யாரும் வரவில்லை. எறும்புதான் வந்தது.)

4

‘அன்றிரவு முத்துப்பேச்சி தூங்கவே...’ என்று எழுதத்தான் கை போகிறது. நன்றாகத் தூங்கினதாக அவரே சொன்னார். பதினொரு பிள்ளைகளை மேய்க்கிறவளுக்குத் தூக்கத்துக்கு என்ன குறை.

மறுநாள் காலைப் பெரட்டில், அதிகாரி பஸ்ஸுக்குக் கிளம்புவதற்குள், அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, மூணு நாளுப் படிப்பு எங்க காதுல ஏறுச்சு. காலுல ஏறலை. மணி அடிச்சா காலு தன்னால இங்கதான் வருது. அத மாத்த முடியாது. பெரட்ட மாத்துங்க.”

“எவிடத்துக்கு?”

“பள்ளிக்கூட மேட்டுக்குத்தான். காலையில பேரு குடுக்குறதும் அங்க, அந்தியில தாய்மாரு பிள்ளையள வாங்குறதும் அங்க. நான் ஏத்திக் கொண்டாந்துருதேன்.”

பிச்சைமணி குறுக்கே வந்தார். “ஏத்தா, விடியக்காலம் அம்புட்டு மேட்டையும் ஏறச் சொல்லுதியே, எம் முட்டி என்னத்துக்கு ஆகும்?”

“ஒங்க முட்டி ரெண்டுதான அண்ணே. எம் பிள்ளைக பதினொண்ணு.”

கூட்டம் சிரித்துவிட்டது. இந்த இடத்தில் தோட்டத்துத் துரை உருகிப்போய்ப் பேசுவதாக அரைப்பக்கம் எழுதியிருந்தேன், கிழித்துவிட்டேன். இதில் செலவு ஒன்றும் இல்லையே என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றதும் சரி என்றார்.

5

பதினைந்தாம் நாள் அதிகாரி சொன்னபடியே வந்து, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், காலை பதினொன்றுக்கு மணி அடிக்கச் சொன்னார்.

முத்துப்பேச்சி கைக்குழந்தைகள் இரண்டையும் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினால் காப்பகம் காலி. மற்ற ஒன்பதும் ஒன்றின் சட்டையை ஒன்று பிடித்தபடி மேட்டில் பாதி ஏறியிருந்தன. மேலே அம்மா வருவாள் என்று அவற்றின் கால்களுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மேலே போனபோது தாய்மார் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள், பிச்சைமணியும் முட்டியைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

அதிகாரி எண்ணினார். பிறகு நோட்டை எடுத்துப் பழைய பதினொன்றின் மேல் கோடு போட்டார்.

“கோட்டுக்கு அடியில தெரியுதேய்யா,” என்றாள்.

அவர் அந்தத் தாளையே கிழித்துக் கையில் கொடுத்துவிட்டார். அவள் அதைக் கொண்டுபோய்ப் பால் காய்ச்சுகிற அடுப்பில் வைத்தாள். அன்றைக்குப் பால் ருசி கூடுதல் என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறார்.

(இந்த முறையும் என்னை யாரும் தேடவில்லை. எல்லோரும் பத்திரமாக மேலே இருந்தார்கள். முறிந்த தொடையோடு நானே எழுந்து ஏறிப்போனேன்.)

6

இனி முடிவு. கதை என்றால் மலை சரிய வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு பேரை எதற்கு மேடேற்றினேன் என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதியும் பார்த்தேன்:

‘ஆடி மாதம், எட்டாம் நாள் மழையில், உச்சியில் முதல் மரம் சாய்ந்தபோது...’

இதை முத்துப்பேச்சியக்காவிடம் வாசித்துக் காட்டியதுதான் நான் செய்த தப்பு.

“சரிய விடப் போறீகளா தம்பி?”

“கதைக்கு வேணும்க்கா.”

“நாங்க ஏறுனது சரியுறதுக்கா? சரிஞ்சாலும் உசுரோட இருக்கணும்னுதான ஏறுனோம்.”

நடந்ததைச் சொல்கிறேன். அந்த வருஷம் மலை சரியவில்லை. அதற்குப் பிறகும் சரியவில்லை. வருஷக்கணக்காகத் தோட்டமே தினம் இரண்டு வேளை மேடேறி, மூச்சு வாங்கி, முத்துப்பேச்சியை வாயாரத் திட்டியது. அந்தத் திட்டைக் கேட்கக் கேட்க அவருக்கு ஒரே சந்தோஷம்.

இதை முடிவு என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் இருப்பீர்கள். சாய்ந்த மரத்தோடு அந்த வாக்கியத்தை உங்களுக்காக மேலே அப்படியே விட்டிருக்கிறேன். எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் பேனாவைத் திறப்பதற்கு முன்னால் மணியை அடித்துவிடுங்கள். ஒன்பது நடந்து வரும், இரண்டு இடுப்பில் வரும். எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.