மீசை வைத்த முள்

பட்டறையின் பின்கதவு பகலில் எப்போதும் பாதி திறந்தே இருக்கும். சனிக்கிழமை மதியம் அதன் வழியாக ஈரக் காலோடு மேஸ்திரியின் மச்சினன் வருவான். ஏரியில் மார்பளவுத் தண்ணீரில் நின்று, பாசிக்குள் காலால் துழாவி, மீன் பிடிக்க வந்தவர்கள் சிக்கலில் அறுத்துவிட்டுப் போன பொய்மீன்களை எடுப்பது அவன் பிழைப்பு. மரத்தில் செதுக்கிச் சாயம் பூசி, வயிற்றடியில் தூண்டில் முள் வைத்த மீன்கள் அவை. பட்டறை அவற்றைத் திரும்ப வாங்கி, துரு தேய்த்து மறுபடி விற்கும்.

இந்தச் சனிக்கிழமை மேஸ்திரி அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே கம்பி வளைத்துக்கொண்டிருந்தார். முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். "இனிமே பழசு வேணாம். உங்க மச்சினன்கிட்ட நீங்களே சொல்லிருங்க."

அவர் மேஸ்திரியாகி நாலு மாதம் ஆகிறது. அதுவரை மற்றவர்களைப் போல முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். கோடையில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மச்சினன் ஒரு முள்ளைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தான். சைக்கிள் பிரேக் கம்பியிலிருந்து ஓர் இழையைப் பிரித்து, முள்ளின் கழுத்தில் கட்டி, கூர்முனைக்கு மேல் வந்து நிற்கும்படி வளைத்திருந்தான்.

"காலால தடவித் தடவி ஒண்ணு தெரிஞ்சுது மாமா. பாசியில மாட்டுறது எல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கற முள்ளுதான். அதான் ஒரு மீசை வச்சு விட்டேன். பாசி வழுக்கிட்டுப் போயிரும். மீன் கடிச்சா மீசை மடங்கிக்கும், முள்ளு ஏறிரும்."

"அப்புறம் உனக்கு ஏரியில என்னடா கிடைக்கும்?"

"அதுக்குத்தான் சொல்றேன். முதலாளிகிட்டக் காட்டி எனக்கும் ஒரு முக்காலி கேளுங்க. கால் ஊறி ஊறி விரலிடுக்கெல்லாம் புண்ணு. என் பொண்டாட்டி என்னை மீன்கூடைன்னு கூப்புடறா."

முதலாளி பாசி நிறைந்த தொட்டியில் அந்த முள்ளைப் பத்துத் தடவை இழுத்துப் பார்த்தார். ஒரு தடவைகூட மாட்டவில்லை. "நீங்களா செஞ்சீங்க?" என்று கேட்டார். முக்காலிகளில் இருந்த ஐந்து பேரும் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஆமாம் என்று தலையசைத்தார். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் அவர் இடத்தில் முதுகு வைத்த நாற்காலி போட்டிருந்தது. அன்றிலிருந்து காலையில் சாமி கும்பிடும்போது கேட்பதற்கு அவருக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. அவசரமாகக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

மச்சினன் வந்தான். பை தோளில் தட்டையாகத் தொங்கியது. அதைக் கவிழ்த்தபோது இரண்டு பொய்மீன்கள் விழுந்தன.

"வாரம் பூரா துழாவி ரெண்டே ரெண்டு. எல்லாரும் மீசைக்காரனைத்தான் வீசறாங்க." சிரித்தான். "நம்ம மீசை நம்மளையே பாத்து முறைக்குது மாமா."

மேஸ்திரி கம்பி வளைக்கும் குறட்டைக் கீழே வைத்தார். "முதலாளி இனிமே பழசு வேணாம்னுட்டாருடா."

மச்சினன் பையை மடித்தான். "முக்காலி விஷயம் கேட்டீங்களா?"

நாலு மாதத்தில் அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "வா, இப்பவே கேப்போம்" என்று எழுந்தார்.

முதலாளி மச்சினனின் கையைத் திருப்பிப் பார்த்தார். பழைய முட்கள் கிழித்த தழும்புகள், தண்ணீரில் ஊறித் தடித்த விரல்கள். "ஒண்ணு வளை, பாப்போம்" என்றார்.

மச்சினன் முக்காலியில் ஓரமாக உட்கார்ந்தான். இழை இரண்டு முறை விரலிலிருந்து நழுவியது. அவன் ஒன்றை முடிப்பதற்குள் பக்கத்து முக்காலிக்காரர் ஆறு முடித்துவிட்டார்.

"சுத்தமாத்தான் இருக்கு. இந்த வேகம் நமக்குக் கட்டுப்படியாகாதுப்பா" என்றார் முதலாளி. "மேஸ்திரி எப்படிப் பண்றாருன்னு பாரு. அவர் மூளையில உதிச்ச சாமான் இது. மேஸ்திரி, ஒரு தடவை காட்டுங்க."

மேஸ்திரி பக்கத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்து இழையை எடுத்தார். அதை முள்ளின் கழுத்தில் கட்டி வளைத்தார். மச்சினன் முதன்முதலாகப் பார்ப்பவனைப் போலக் குனிந்து பார்த்தான்.

"முதலாளி, இது வந்து..." என்று அவர் ஆரம்பித்தார்.

மச்சினன் மேசைக்கு அடியில் அவர் முழங்காலைத் தொட்டான். "வேணாம் மாமா" என்றான், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "அக்கா இப்பதான் நாலு பேர் முன்னாடி தலை நிமிந்து நடக்குது." பிறகு குரலை உயர்த்தி, "இன்னொரு தடவை காட்டுங்க. கழுத்துல எப்படிக் கட்டறதுன்னு சரியாப் பாக்கல" என்றான்.

மேஸ்திரி இன்னொரு தடவை காட்டினார்.

"கை படிஞ்சதும் வா, பாப்போம்" என்று சொல்லிவிட்டு முதலாளி உள்ளே போனார்.

மச்சினன் உடனே கிளம்பவில்லை. நாற்காலியைச் சுற்றிச் சிதறியிருந்த கம்பித் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டான். "கூட்டுற ஆயா வெறுங்காலோட நடக்குது. குத்திரும்" என்றான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே போனான். சிமெண்டுத் தரையில் கதவிலிருந்து முக்காலிவரை வந்து திரும்பிய ஈரச் சுவடுகள் காய்ந்துகொண்டிருந்தன.

அவன் வளைத்த முள்ளைப் பக்கத்து முக்காலிக்காரர் தன்னுடையவற்றோடு சேர்த்துத் தள்ளிவிட்டிருந்தார். அதையாவது தனியே எடுத்து வைக்கலாம் என்று மேஸ்திரி குவியலைக் கிளறினார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாமே அவன் வளைத்தது போலத்தான் இருந்தன.