சிமெண்டுப் பலகை வீடு

பந்தல்குடி ரோட்டில் எங்கள் நெசவாளர் காலனி எழுபத்துமூன்றில் வந்தது. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும், கட்டினார்கள் என்று சொல்ல முடியாது. சுவரும் கூரையும் எங்கேயோ வார்க்கப்பட்டு, சிமெண்டுப் பலகைகளாக லாரியில் வந்து இறங்கின. கட்டில் சட்டம் பூட்டுவது போல ஒரே வாரத்தில் வீட்டைப் பூட்டி நிறுத்திவிட்டார்கள். மரம் வெட்ட வேண்டாம், சூளைக்கு விறகு வேண்டாம், தண்ணீருக்குத் தவிக்கிற இந்தச் சீமைக்கு ஏற்ற வீடு என்று மேடை போட்டுப் பேசினார்கள். இவ்வளவு யோசித்த புண்ணியவான்கள், நெசவாளி வீட்டில் தறி எங்கே இருக்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

அடுத்த வீட்டுச் சென்னய்யாவுக்கும் அவர் மனைவி லிங்கம்மாளுக்கும் அப்போது அதெல்லாம் கண்ணில் படவில்லை. ஒரே மகள் சௌடேஸ்வரி காரியாபட்டியில் வாழ்க்கைப்பட்டு, முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். அதுவரை இருந்த வாடகை வீட்டுக்காரரோ, "பிரசவமெல்லாம் இங்க வச்சுக்கிறாதீக" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சாவி கைக்கு வந்த அன்று லிங்கம்மாள் அழுதேவிட்டாள்.

"எம்பிள்ள சொந்த வீட்லயே பெத்துக்கிரும்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

சாவி கொடுத்த ஓவர்சியர், "உள்ள தோண்டாதீக, தரையில தண்ணி விடாதீக" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். சென்னய்யா தலையாட்டினார். குழித்தறிக்காரனிடம் தோண்டாதே என்பதும், சமைக்கிறவளிடம் அடுப்பு பற்றவைக்காதே என்பதும் ஒன்றுதான். கால்களைத் தொங்கவிட்டு மிதிக்கக் குழி வேண்டும், இழை தெரிய வெளிச்சம் வேண்டும். ஜன்னல் சுவரை ஒட்டித் தொடையளவு தோண்டி, நல்ல நேரம் பார்த்துத் தறியை இறக்கினார்.

வெயில் ஏறினால் அந்த வீட்டுக்குள் நூல் பட்பட்டென்று அறுந்தது. பழைய மண்சுவர் வீட்டில் செய்த வழக்கப்படியே லிங்கம்மாள் காலையும் மத்தியானமும் குழிக்குள் தண்ணீர் தெளித்தாள். ஈரம் இருந்தால் நூல் அறாது. ஆனால் அடியில் இருந்தது கரிசல். குடித்த தண்ணீருக்கு உப்பியது, காய்ந்ததும் வெடித்தது. சாண் ஆழத்தில் ஊன்றியிருந்த பலகை என்ன செய்யும்? ஐப்பசி மழை பிடித்ததும் ஜன்னல் சுவர் குழிப்பக்கம் சரிந்தது. கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி விழுந்தது.

ஓவர்சியர் வந்து பார்த்தார்.

"அன்னைக்கே சொன்னேன்ல. குழி தோண்டுனா நாங்க பொறுப்பில்ல. எந்நேரமும் விழும், காலி பண்ணிருங்க."

அவர் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை.

காலி செய்துவிட்டு எங்கே போவது? சென்னய்யா தறியைப் பிரித்துக் குழியை மூடி, தறி மரங்களையே சுவருக்கு முட்டுக் கொடுத்தார். நெசவு நின்றது. வர வேண்டாம் என்று மகளுக்குச் சொல்லி அனுப்ப இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தார்கள்.

அதற்குள் மாமியாரே சௌடேஸ்வரியை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த அம்மாள் முட்டு மரங்களைப் பார்த்தார், முகம் சுளிக்கவில்லை. நல்ல மனுஷி.

"புது வீடுன்னா அங்கிட்டு இங்கிட்டு வேலை இருக்கத்தான செய்யும், அண்ணே" என்றார்.

சௌடேஸ்வரிக்கு நிறைமாதக் களைப்பு. "அம்மா, கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று கேட்டபடி தரையில் மெல்ல உட்கார்ந்து, முதுகை அந்த ஜன்னல் சுவரில் சாய்க்கப் போனாள்.

"சாயாத!"

சென்னய்யா கத்தியது என் வீடு வரை கேட்டது. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மகள் முகத்தைப் பார்க்காமல் சம்பந்தியம்மாள் பக்கம் திரும்பினார்.

"இவளக் கூட்டிட்டுப் போயிருங்க தங்கச்சி. உங்க வீட்லயே பெத்துக்கிரட்டும்."

லிங்கம்மாள் தண்ணீர்ச் செம்போடு வந்தபோது, மகள் இன்னும் பிரிக்காத பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.