இடப்பக்க அளவு

திருத்தணியில் பாதிப் பெண்களின் முதுகு எனக்கு மனப்பாடம். முகம் மறந்துபோகும், முதுகு மறக்காது. பதினெட்டு வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். ஆள் கடைப்படி ஏறும்போதே அளவு சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வதும் உண்டு. அந்தப் பெருமையை மோனிகா ஒரே சாயங்காலத்தில் இறக்கிவைத்தாள்.

ஆடிக் கிருத்திகைக்கு ஐந்து நாள் இருந்தது. கடை முழுக்க மஞ்சள் துணி. இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் மோனிகா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். இருபத்தேழு வயது, பத்து வருடமாக என் வாடிக்கை.

"அளவு ஜாக்கெட் எங்கடி?" என்றேன். எங்கள் தொழிலில் டேப் பிடிப்பது குறைவு. உடம்புக்குச் சரியாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், அதைத் துணிமேல் விரித்து வெட்டுவோம்.

"கொண்டாரலக்கா. இத்தினி வருஷமா நான் குடுத்துக்கினு இருந்தது எங்க அக்கா அபியோடது."

"உன்னுது இன்னா ஆச்சு?"

"எனக்குன்னு ஒண்ணு இருந்ததே இல்ல."

தெருவைப் பார்த்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னாள். பிறவியிலேயே அவளுக்கு இடப்பக்க மார்பு வளரவில்லையாம். நான் தைத்துக்கொடுத்த ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் வீட்டில் உட்கார்ந்து இடப்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரியவே இல்லை. பார்த்ததும் அளவு சொல்கிறவளாம் நான்.

வியாழக்கிழமை சென்னையில் ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தாள். மார்பு வைக்கிற ஆபரேஷனைப் பற்றிப் பேச முதல் சந்திப்பு. போனில் நர்ஸ் சொன்னபடி எல்லாம் தயார்: சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், பழைய எக்ஸ்ரே, ஒரு நோட்டில் பதினோரு கேள்வி. முன்பக்கம் திறக்கிற உடுப்பு போட்டு வரச் சொன்னதால் சேலை கட்டிக்கொண்டு போகிறாள். அதற்குத்தான் ஜாக்கெட்.

"ஒண்ணு மட்டும் முடியலக்கா. யார் முன்னாடியும் கழட்டினதில்ல. பதிமூணு வயசுக்கு அப்புறம் அம்மாகூட பாக்கல. போன வருஷம் ரெண்டு தபா நேரம் வாங்கி, ரெண்டு தபாவும் ஆஸ்பத்திரி வாசல்லருந்து ஓடியாந்துட்டேன். இந்தத் தபாவும் ஓடியாந்தா அப்புறம் ஜென்மத்துக்கும் போகமாட்டேன், எனக்கே தெரியுது. உங்களுக்கு இது தெனம் பாக்கற வேலை. அதான், உங்ககிட்ட ஒரு தபா கழட்டிப் பாத்துடலாம்னு வந்தேன்."

ஷட்டரைப் பாதி இறக்கினேன். இருவரும் திரைக்குப் பின்னால் போனோம்.

ஆறு கொக்கிக்கு என்ன நேரமாகும்? மூன்றாவதில் நின்றுவிட்டாள். கை நீட்டி உதவலாமா என்று தவித்தேன். கூடாது என்று பட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, இன்னொரு வாடிக்கையான மணியம்மை தன் துணி இன்னும் தைத்து முடியவில்லை என்று ரெண்டு நாளாக என்னைத் திட்டுவதைப் பற்றி என்னவோ பேசிக்கொண்டே இருந்தேன்.

"கழட்டிட்டேன்," என்றாள்.

திரும்பினேன். வலப்பக்கம் எல்லாப் பெண்களுக்கும் இருப்பது போலத்தான். இடப்பக்கம் தட்டையாக இருந்தது. விலா எலும்புமேல் மெல்லிய தோல் மட்டும். அந்தத் தோலுக்கு அடியில் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்தேன். ஒரே இடத்தில், சின்னதாக, எழும்பி எழும்பி அடங்கியது.

மலைமேல் சன்னதியில் திரை விலகும்போது கை தானாகக் குவியும் இல்லையா, அப்படி ஆகிவிட்டது. பதினெட்டு வருடம் மார்பளவு எடுத்திருக்கிறேன், ஒரு மனுஷியின் உயிர் ஓடுவதை அன்றுதான் பார்த்தேன். இதை ஒருத்தி பஞ்சுக்கு அடியில் ஒளித்துவைத்துக்கொண்டு, கவுண்டரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் சாதிச் சான்றிதழ் அடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எப்பிடிக்கா இருக்குது? பொய் சொல்லாதீங்க."

"உள்ள அடிக்கிறது தெரியுதுடி."

குனிந்து பார்த்தாள். "ஆங். மலைப்படி ஏறினா இன்னும் நல்லாத் தெரியும்," என்றாள் சாதாரணமாக.

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தேன்.

டேப்பைச் சுற்றினால் ஒரே எண்தான் வரும். அதை நாலாக வகுத்து, துணியை மடித்துப்போட்டு, ஒரே வெட்டில் இரண்டு பக்கத்தையும் வெட்டுவோம். எந்தப் பெண்ணுக்கும் இரு பக்கமும் ஒன்றுதான் என்று யாரோ முடிவுகட்டிய கணக்கு. அன்றைக்கு நடு மார்பிலிருந்து அக்குள் வரை ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக எடுத்தேன். அவள் ஆடாமல் நின்றாள். நோட்டில் அவள் பெயருக்குக் கீழே இரண்டு வரிசை எழுதினேன். துணியை மடிக்காமல், வலத்துக்கு ஒரு வெட்டு, இடத்துக்கு ஒரு வெட்டு.

புதன்கிழமை போட்டுப் பார்த்தாள். எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை. உள்ளே பஞ்சும் இல்லை. கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். இடப்பக்கத்தை உள்ளங்கையால் தடவினாள். அவளை விட எனக்குத்தான் மிதப்பு தலைக்கேறியது.

"இவ்ளோ அழகா உக்காந்துகினு இருக்குதே. இப்பிடியே இருந்துட்டுப் போயேன்டி, எதுக்கு ஆபரேஷன்?" என்று சொல்லிவிட்டேன்.

அவள் முகம் மாறியது. "என் உடம்பு எப்பிடி இருக்குதுன்னு மொத தபா இன்னிக்குத்தான் நேரா பாத்தேன். பாத்த அப்புறமும் எனக்கு அது வேணும்னுதான் தோணுது. வேணாம்னு சொல்றதுக்கு நீங்க யாருக்கா?"

சுருக்கென்றது. ஒரு ஜாக்கெட்டைத் தைத்துவிட்டு அவள் வாழ்க்கையையே தைத்துமுடித்த மாதிரி பேசியிருக்கிறேன். "தப்புதான்டி," என்றேன். டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, "நாளைக்கு உன்கூட வரட்டா?" என்று கேட்டேன்.

"கிருத்திகைத் துணியெல்லாம் கெடக்குதே."

"கெடக்கட்டும். திட்டறவங்க திட்டிக்கினு போகட்டும்."

காலை ரயிலில் போனோம். வழியெல்லாம் பதினோரு கேள்வியையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் அவள் கால் நின்றது. நான் கையைப் பிடிக்கவில்லை. கூட நின்றேன், அவ்வளவுதான். அவளாகவே உள்ளே நடந்தாள்.

டாக்டரம்மாவுக்கு என் வயது இருக்கும். பொறுமையாகக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, திரைக்கு அந்தப் பக்கம் மோனிகாவை அழைத்துப்போனார். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கொக்கிக்குக் காத்திருக்கும் நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, டாக்டரம்மாவின் குரல் கேட்டது.

"இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது காட்டியிருக்கீங்களாம்மா?"

"ஆங். காட்டியிருக்கேன்."

"எந்த டாக்டர்?"

"டாக்டர் இல்லீங்க. எங்க ஊரு டெய்லர் அக்கா."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க," என்றாள் மோனிகா. "அளவு எடுத்தாங்க."