நான்காம் வீட்டு அடுப்பின் மேல் விழுந்த கல்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் தெருவில் ஏழு வீடுகள். ஏழுக்கும் பின்னால் ஒரு பாறைச் சரிவு, ஏழெட்டு ஆள் உயரம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு அதிலிருந்து ஒரு கல் புறப்பட்டு, நான்காம் வீட்டுச் சமையலறைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கி, அடுப்பின் மேல் உட்கார்ந்துகொண்டது.

அது தையற்காரரின் வீடு. அங்கே இருப்பது மனைவியை இழந்த அவரும், ஒன்பது மாதக் கர்ப்பிணியான அவர் மகளும். மகள் பால் காய்ச்சப் போனவள், தீப்பெட்டி முன்னறையில் கிடப்பது நினைவு வந்து திரும்பியிருக்கிறாள். அந்தப் பத்தடிதான் அவளைக் காப்பாற்றியது.

அன்று மதியமே எழுதிவிட்டேன்: "பேராசைக்குக் கண் கிடையாது. மலைக்கு மேலே சாலையை அகலமாக்க வெடி வைத்த காண்ட்ராக்டருக்கோ இதயமே—"

[கைவிட்டேன். ஏன் என்பது மூன்றாம் பகுதியில்.]

2.

மறுநாள் ஜீப்பில் ஒரு பெண்மணி வந்து இறங்கினார். ஐம்பதை நெருங்கும் வயது, தலையில் ஹெல்மெட், இடுப்பில் சுத்தியல், வலது முழங்காலில் ஒரு பட்டை. நிலவியல் துறை ஆய்வாளர். சரிந்த பாறையைப் பார்த்து, ஏன் சரிந்தது, இன்னும் சரியுமா என்று சொல்வது அவர் வேலை. தெரு அவருக்கு உடனே 'கல் டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டது. (ஆறாம் வீட்டுக்காரர் தன் சிறுநீரகக் கல்லின் ஸ்கேனை எடுத்துக்கொண்டு வந்து நின்றது சத்தியமான உண்மை. கல் டாக்டரும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இது என் டிபார்ட்மென்ட் இல்லைங்க. தண்ணி நிறைய குடிங்க" என்று அனுப்பிவைத்தார்.)

இனிமேல் கதை கல் டாக்டரின் தோளை ஒட்டியே நடக்கும். அவர் மனதில் ஓடியது எனக்கெப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பிறகு அவரே சொன்னார். வரைவைப் படித்துத் திருத்தவும் செய்தார்.*

சமையலறைக்குள் நுழைந்ததும், "கல்லை யாரும் நகர்த்தலையே?" என்று கேட்டார்.

"நகர்த்தறதா? அது உட்கார்ந்திருக்கற தோரணையைப் பார்த்தா, நாங்கதான் அது வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி இருக்கு" என்றார் தையற்காரர்.

கல் டாக்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். கல்லின் பெரும்பாகம் பழுப்பேறிக் கிடந்தது, தேநீர்க் கறை போல. அதன் மேல் தலைமுடி போன்ற மெல்லிய வேர்கள். ஒரே ஓர் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, புதிதாக உடைந்த பளபளப்பு. அவருக்குப் புரிந்துவிட்டது. இத்தனை பெரிய கல் இவ்வளவு நாளும் அந்த உள்ளங்கை அகலத்தில்தான் மலையைப் பற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

"மேலே வெடி வெச்சாங்க மேடம்" என்று வாசலில் கூடியிருந்த தெரு ஒரே குரலில் சொன்னது.

"எப்போ?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"கல்லு ஒரே நாள்ல விழறதில்லைங்க. ரொம்ப நாளாவே கிளம்பிட்டிருக்கும். வந்து சேர்ற நாளைத்தான் நாம பார்க்கறோம்." வேரை விரலால் நசுக்கினார். ஈரம். "கடைசியா மழை எப்போ பெய்ஞ்சது?"

"இருபது நாளாச்சு."

விரலைத் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே நின்றார். இருபது நாள் வெயிலில் காயாத ஈரம் எங்கிருந்து வருகிறது?

* முதல் வரைவில் அவருக்கு ஓர் இருண்ட கடந்த காலம் கொடுத்திருந்தேன். எங்கோ 'ஆபத்தில்லை' என்று கையெழுத்துப் போட்டார், அங்கே ஒரு குடும்பமே போயிற்று, அன்றிலிருந்து அவர் சிரித்ததில்லை. படித்துவிட்டு போன் செய்தார். "சார், அப்படி எதுவும் நடக்கலையே. நான் எதுக்கு சும்மா அழணும்?" கதாபாத்திரத்துக்குக் கொஞ்சம் ஆழம் வேண்டும் என்றேன். "முழங்கால் வலி இருக்கே, அது போதாதா?" போதும் என்று வைத்துக்கொண்டோம்.

3.

பக்கவாட்டுப் படிகளில் ஏறினார். நாங்கள் நாலைந்து பேர் பின்னால் போனோம். சரிவின் மேல் திட்டில் ஏழு வீடுகளுக்கும் பொதுவான தண்ணீர்த் தொட்டி. அது நிரம்பி வழியும்போது தண்ணீரைத் தெருச் சாக்கடைக்குக் கொண்டுபோக வேண்டிய குழாய், வளைவில் உடைந்து தொங்கியது. தினமும் காலையில் மோட்டார் ஓடி முடிகிற அரை மணி நேரம், வழிகிற தண்ணீரெல்லாம் நேராகப் பாறை விரிசலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. விரிசலில் ஒரு காட்டுச்செடி செழித்து நின்றது.

"இந்தத் தொட்டியை யாருங்க பார்த்துக்கறது?"

எல்லோரும் தண்ணீர்க் குழுச் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒல்லியான, கண்ணாடி போட்ட, சோம்பேறியான அந்த மனிதர்—

[கைவிட்டேன். வாசகரே, அந்தச் செயலாளர் நான்தான்.]

"குழாய் எப்போ உடைஞ்சது?"

"தெரியலையே மேடம்" என்றேன்.

பொய். உடைந்து ஒன்றரை வருடமாகிறது. நான்தான் பார்த்தேன். நான்தான் ஒரு கம்பியால் இழுத்துக் கட்டினேன். நாளைக்கு ஆள் கூட்டி வந்து சரிசெய்துவிடலாம் என்று இறங்கியவன், அந்த நாளையை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். கம்பி துருப்பிடித்து அறுந்து காலடியில் கிடந்தது. குனிந்து செருப்பைச் சரிசெய்வது போல அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கல் டாக்டர் குழாயில் இருந்த துருத் தடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கம்பி எப்போது அறுந்தது என்பதைவிட அவசரமான கேள்வி ஒன்று அவருக்கு அதற்குள் கிடைத்துவிட்டது.

"வெடி அதிர்வும் கொஞ்சம் கை கொடுத்திருக்கலாம். இல்லைன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா முக்கியமான ஆளு தண்ணிதான். விரிசல்ல நின்னு உள்ளேயிருந்து தள்ளும், வேர் நெம்பிவிடும்" என்று மட்டும் சொன்னார்.*

* என் மனைவி இந்தப் பகுதியைப் படித்துவிட்டுச் சொன்னது: "வில்லன் வேணும் வில்லன் வேணும்னு தேடினீங்களே. வீட்டோடயே இருந்திருக்கான்."

4.

அவசரமான கேள்வி இதுதான். கல் பெயர்ந்த குழிக்குப் பக்கத்தில் பீரோ அளவுக்கு இன்னொரு பாறை நின்றது. அதன் முதுகுப்பக்கமும் விரிசல். கல் டாக்டர் விரிசலின் குறுக்கே மூன்று இடங்களில் மாவுக்கட்டுச் சாந்தைப் பூசினார். பாறை நகர்ந்தால் முதலில் சாந்து வெடிக்கும். இரண்டு பக்கமும் சிவப்புப் புள்ளி வைத்து அளந்தார். புதன் மாலை பதினொரு மில்லிமீட்டர். வியாழன் மதியம் பதினான்கு.

அளவுகோலைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். பதினான்குதான். உருண்டால் எதுவரை வரும் என்று கீழே நடந்து பார்த்துவிட்டு, மூன்று, நான்கு, ஐந்தாம் வீடுகள் இன்றே காலி செய்ய வேண்டும் என்றார்.

இரண்டு வீட்டுக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். தையற்காரர் மட்டும் முன்னறையில் மெஷினை விட்டு எழவில்லை. மருத்துவமனைக்கு அறுபது மேல்சட்டை, திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

"மேடம், நீங்க விழும்னு சொல்றீங்களா?"

"விழலாம்னு சொல்றேன்."

"விழலாம்னா விழாமலும் இருக்கலாம்தானே?"

"இருக்கலாம்."

"அப்புறம் என்ன?"

அதிகாரிகளுக்குச் சொல்லும் சதவீதக் கணக்கு ஒன்று அவர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார். நாற்காலியில் வீங்கிய கால்களை நீட்டியிருந்த மகளைப் பார்த்தார்.

"உங்க வீட்டுத் தீப்பெட்டி தினமும் முன்னறையிலதான் இருக்குமாங்க?"

மெஷின் நின்றது. மகள் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாள். "அப்பா, நான் கிளம்பறேன். நீங்க வேணும்னா அந்த அறுபது சட்டைக்குத் துணையா இருங்க."

அரை மணி நேரத்தில் தையல் மெஷின் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டது. நாங்கள் முதல் வீடு, கல் எட்டாத இடம். மகளுக்கு என் எழுத்தறையைக் கொடுத்தோம். "உங்க குடும்பத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன்" என்று தையற்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் சட்டைப் பையில் கம்பி இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று சாந்துப் பூச்சில் ஒன்று வெடித்தது.

5.

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் தோன்றின.

அ) மகள் எதையோ எடுக்க வீட்டுக்குத் திரும்புகிறாள், அந்த நேரம் பார்த்து— (மனைவி பேனாவைப் பிடுங்கிவிட்டாள். "ஒரு தடவை பிழைச்சவளை எதுக்கு மறுபடி உள்ளே அனுப்பறீங்க? உங்களுக்கு மனசு இருக்கா?")

ஆ) பாறை விழவே இல்லை. தெரு கல் டாக்டரைப் பார்த்துச் சிரிக்கிறது.

இ) நடந்தது.

சனிக்கிழமை காலை கயிறு கட்டி இறங்கும் ஆட்கள் நான்கு பேர் வந்தார்கள். பாறையை அதுவாக விழ விடாமல், நாமே விழவைப்பதுதான் திட்டம். வீடுகளுக்குப் பின்னால் நீளப் பள்ளம் வெட்டி, மணல் கொட்டி, பழைய டயர்களை அடுக்கினார்கள். கல் டாக்டர் தெருமுனையில் வாக்கிடாக்கியுடன் நின்றார். கணக்கு பாறையை நேராக விழச் சொல்லும். பாறை கணக்குப் படித்ததில்லை.

முதல் நெம்பலுக்கு அசையவில்லை. இரண்டாவதற்கு மண் உதிர்ந்தது. மூன்றாவதற்கு, பழைய கதவு திறப்பது போல ஒரு முனகல். பிறகு தரை அதிர்ந்தது. தூசி எழும்பித் தெருவையே மூடியது.

தூசி அடங்க அடங்க கல் டாக்டர் கூரைகளை எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று... நம்பிக்கை வராமல் மறுபக்கத்திலிருந்து மறுபடி எண்ணினார்.

"ஏழும் இருக்கு" என்றார் வாக்கிடாக்கியில். குரல் தழுதழுத்தது. (இதை அவர் வெட்டச் சொன்னார். நான் வெட்டவில்லை.)

பாறை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மணலில் புதைந்திருந்தது. மறுபாதி டயரில் துள்ளி, நான்காம் வீட்டுப் பின்சுவருக்கு ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டது. அதைப் பார்த்த தையற்காரர் சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியவில்லை. நடுத்தெருவில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார்.

"அப்பா, எந்திரிங்க. எல்லாரும் பார்க்கறாங்க" என்ற மகளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

6.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். அறிக்கையில் 'தொட்டியிலிருந்து வழிந்த நீர்' என்றுதான் இருந்தது. யார் பெயரும் இல்லை. தண்ணீருக்கு ஏது பெயர்?

ஆனால் ஞாயிற்றுக்கிழமை, ஐம்பத்தோராவது சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்த தையற்காரர் முன்னால் நான் கம்பியை எடுத்து வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பார்த்தது, கட்டியது, மறந்தது, தெரியாது என்றது.

மெஷின் நின்றது. கம்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க கட்டினதை நானும் பார்த்தேன். போன வருஷமே எங்க பின்சுவர்ல ஈரம் இறங்குச்சு. அந்த ஈரத்துல என் புதினா என்னமா வளர்ந்துச்சு தெரியுமா? சொன்னா அடைச்சிடுவீங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன்." பிறகு நிமிர்ந்தார். முகத்தில் சிரிப்பில்லை. "மறந்தது இருக்கட்டும். ஆனா அத்தனை பேர் முன்னாடி தெரியலைன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான்..."

முடிக்கவில்லை. இந்தக் கதையில் நான் கைவிடாத, அவர் கைவிட்ட ஒரே வாக்கியம் அது. அதை நிரப்ப எனக்கு உரிமையில்லை. சட்டையை மறுபடி ஊசிக்கடியில் தள்ளிக்கொண்டே, "அந்தத் துணி நுனியைக் கொஞ்சம் பிடிங்க" என்றார். பிடித்தேன். மிச்சமிருந்த பத்துச் சட்டையும் முடியும்வரை பிடித்தேன்.

(நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது என்று எழுத ஆசை. இந்தத் தெருவில் அந்த உவமைக்கு இப்போது தடை.)

7.

கடைசிப் பகுதியாக, கல் டாக்டரின் ஜீப் வளைவில் மறைவதையும் பின்னணியில் மலை நிற்பதையும் வைத்திருந்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"மலை முடிஞ்ச மாதிரி எழுதாதீங்க சார். ஒவ்வொரு மழைக்கும் அப்புறம் போய்ப் பாருங்க. மழையில்லாம ஈரம் இருக்கா, சாக்கடையில புதுசா சின்னக் கல்லு கிடக்கா, மரம் சாயுதான்னு."

"அப்போ எப்படி முடிக்கறது? அன்னைக்கு இங்கேயிருந்து போய் என்ன செஞ்சீங்க?"

"தூங்கினேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் படுத்தவ, மறுநாள் காலையில எட்டு மணிக்குத்தான் எந்திரிச்சேன். ஷூவைக்கூட கழட்டலை. வீட்டுக்காரர் கழட்டி விட்டிருக்கார்."

இதைவிட நல்ல முடிவு எனக்குத் தெரியாது. ஆனால் இது முடிவுமில்லை. இதற்குமேல் என்ன நடக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, அதை நீங்களே நடத்திக்கொள்ளுங்கள். தையற்காரர் என்னை மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். பிறப்பது ஆணா பெண்ணா என்பதும் உங்கள் விருப்பம்.

மெதுவாகச் செய்யுங்கள். ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார்.